வேலைக்குப் போகாத கதாநாயகன்

நம் மலேசியத் தமிழ்ப் படங்களில் வரும் இளைஞர்கள் ஏன் எப்போதும் பாராங் கத்தியும் கையுமாகத் திரிகிறார்கள் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், ஒரே பதில் வந்து விழும்: "உள்ளதைத்தானே காட்டுகிறோம்." 'ஜகாட்' படம் வந்து பத்தாண்டு ஆகிவிட்ட இந்த நேரத்தில் அந்தப் பதிலுக்கு ஒரு மரியாதையும் சேர்ந்துவிட்டது. இருட்டைக் காட்டுகிறவர் நேர்மையானவர், கேள்வி கேட்கிறவர் சமூகத்தின் அழுக்கை மூடி மறைக்கப் பார்க்கிறவர் என்று ஒரு பாகுபாடு தானாகவே வந்துவிட்டது. அழுக்கை மூடி மறைக்கும் கட்சியில் நான் இல்லை. "வக்கீலைக் காட்டுங்கள், டாக்டரைக் காட்டுங்கள், நம் பிள்ளைகளுக்கு நல்ல வழி சொல்லுங்கள்" என்று கோயில் மண்டபக் கூட்டங்களில் மைக்கைப் பிடித்துப் பேசுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. என் குறை வேறு. உள்ளதைக் காட்டுகிறோம் என்கிறவர்கள் உள்ளதில் முக்கால் பங்கைப் பார்க்கவே இல்லை.

கொடுக்க வேண்டிய பாராட்டை முதலிலேயே கொடுத்துவிடலாம். சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' நல்ல படம். தொண்ணூறுகளின் தொடக்கம், தோட்டம் கைவிட்ட குடும்பங்கள், பன்னிரண்டு வயது அப்போய், கைநீட்டும் தகப்பன், ஒருவர் போதையிலும் ஒருவர் கும்பலிலும் சிக்கிய சிற்றப்பன்மார் என்று எதையும் சர்க்கரை தடவாமல் சொன்னது. 2016-இல் 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் பேசாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கப் பார்த்ததும், அதற்கு எதிர்ப்பு கிளம்பியதும், கடைசியில் 'ஜகாட்' சிறந்த மலேசியப் படமானதும் எல்லாரும் அறிந்த கதை. அந்தப் பரிசு நியாயமான பரிசு. அதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் அந்தப் படம் செய்தது: நம் வாயில் வரும் தமிழை, பாதி மலாயும் கொஞ்சம் சீனமும் கலந்த அந்தப் பேச்சை, வெட்கப்படாமல் திரையில் பேசவைத்தது. அதுவரை நம் நடிகர்களில் பாதிப் பேர் கேமராவைப் பார்த்ததும் கோடம்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்துவிடுவார்கள்.

பாராட்டு இவ்வளவுதான். இனி என் வழக்கு.

திசை தெரியாமல் அலையும் இளைஞனைப் படமாக்கும் வழக்கம் இங்கே முளைத்ததல்ல. கே. பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிகப்பு' 1980-இல் வந்தது. டில்லியில் வேலை தேடிச் செருப்புத் தேயும் ரங்கனை, அவனுடைய தகப்பன் கடைசியில் ஒரு முடிதிருத்தும் கடையில் கத்தரிக்கோலோடு பார்க்கிறார். அந்தக் காட்சியின் நாடகத்தனத்தைப் பற்றி ஆயிரம் சொல்லலாம். ஆனாலும் அந்தப் படத்தில் பசி வயிற்றில் இருந்தது, வேலை கையில் இருந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1970-இல், சத்யஜித் ராய் கல்கத்தாவில் 'பிரதித்வந்தி' எடுத்தார். நேர்முகத் தேர்வில், இந்தப் பத்தாண்டின் மிகப் பெரிய நிகழ்ச்சி எது என்று சித்தார்த்தனைக் கேட்கிறார்கள். நிலவில் மனிதன் கால் வைத்ததைச் சொல்லாமல் வியட்நாம் மக்களின் போராட்டத்தைச் சொல்கிறான்; வேலை போய்விடுகிறது. நகரத்தில் சுற்றி, கோபப்பட்டு, கனவு கண்டு, முடிவில் பாலூர்காட்டில் மருந்து விற்கும் வேலைக்குப் போகிறான். 'நான் யார்' என்ற கேள்வியும் 'எனக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்' என்ற கேள்வியும் அந்தப் படத்தில் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதே இல்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு திருப்பம் வந்தது. 'நாயகன்' (1987), 'சத்யா' (1988), 'தளபதி' (1991) என்று வரிசையாக வந்த படங்களில், வேலை கிடைக்காத இளைஞன் மெல்ல மெல்ல வேலை தேவைப்படாத இளைஞனாக மாறிவிட்டான். கோபமே அவன் தொழில், நட்பே அவன் சம்பளம். அந்தப் படங்களைத்தான் எங்கள் தலைமுறை வீடியோ கேசட்டில் தேயத் தேயப் பார்த்தது. நம் இயக்குநர்களும் அதே கேசட்டுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான். அவர்கள் எடுக்கும் படங்களில் ஊர் நம்முடையது, பேச்சு நம்முடையது, அடியில் ஓடும் இலக்கணம் மட்டும் இன்னும் அந்தக் கேசட்டினுடையது.

செங் என்ற ஊரையே எடுத்துக்கொள்வோம். மலாக்கா பட்டணத்துக்கு வடக்கே, ஒரு காலத்தில் ரப்பர் நின்ற மண். இன்று தாமான்களும் தொழிற்பேட்டையும். பக்கத்தில் பத்து பெரண்டாம், இன்னொரு பக்கம் தஞ்சோங் கிளிங். இரண்டிலும் எழுபதுகளிலேயே சுதந்திர வணிக வட்டாரங்கள் வந்துவிட்டன. 1973-இல் சீமென்ஸ் மலாக்காவில் தொடங்கிய சில்லுத் தொழிற்சாலைதான் இன்று இன்ஃபினியன். அலோர் காஜா பக்கம் பெகோவில் ஹோண்டா கார்கள் உருவாகின்றன. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் விடியற்காலையில் செங் சாலையோரம் நிற்கலாம். கம்பெனி பஸ் வரும். இரவு ஷிப்டு முடித்தவர்கள் ஜன்னலில் தலை சாய்த்தபடி இறங்குவார்கள், பகல் ஷிப்டு ஏறும். மோட்டார்சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாகப் பாயும். சட்டையைப் பின்பக்கம் முன்னாகப் போட்டுக்கொண்டு, காற்றுக்கு மார்பை மூடிக்கொண்டு போகும் பையன்கள். ஏஜெண்டு மூலம் வந்த நேப்பாளியும் வங்காளதேசியும் அதே வரிசையில் நிற்பார்கள். முப்பது நாற்பது ஆண்டுகளாக நம் இளைஞர்களின் விழித்திருக்கும் நேரத்தில் பாதி இந்தக் கதவுகளுக்கு உள்ளேதான் கழிந்திருக்கிறது. அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போன ஒரு தமிழ்ப் படம் சொல்லுங்கள் பார்க்கலாம்.

அதே செங்கில், மாசி மகத்தன்று சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் பட்டணத்திலிருந்து தேர் வரும்போது உறுமி மேளக் குழுக்கள் வரும். ஒரே நிறச் சட்டை, ஒரே வெறி, கண்ணெல்லாம் சிவப்பு. கேமராவுக்கு அது விருந்து. நம் படங்கள் அந்த இரவை எடுக்கத் தவறுவதில்லை: உறுமி, தீப்பந்தம், எதிர்க்குழு, முறைப்பு, மெதுவோட்டத்தில் ஒரு ஓட்டம். ஆனால் அதே உறுமிக்காரன் மறுநாள் காலை ஏழு மணிக்குக் கையுறை மாட்டிக்கொண்டு கன்வேயர் முன்னால் நிற்கிறானே, அவனை யாரும் எடுப்பதில்லை. எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, போட்டால் 'அட்டெண்டன்ஸ்' போனஸ் போய்விடும் என்று முதுகுவலியோடு நிற்கிறான். முந்தின இரவு அவ்வளவு வெறியோடு ஏன் அடித்தான் என்பதற்கு விளக்கம் அந்தக் காலைப் பொழுதில்தான் இருக்கிறது. காலையை வெட்டி எறிந்துவிட்டு இரவை மட்டும் காட்டினால் பார்க்கிறவர் என்ன முடிவுக்கு வருவார்? இவன் ரத்தமே அப்படி, இந்த இனத்துப் பையன்களுக்கு அடங்கத் தெரியாது என்றுதான். நேர்மையின் பெயரால் எடுத்த படம் கடைசியில் போலீஸ்காரர் சொல்வதையே சொல்லி முடிக்கிறது.

போலீஸ் என்றதும் ஒரு கணக்கு நினைவுக்கு வருகிறது. 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. மொத்தம் சுமார் 40 ஆயிரம் பேர், அதில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்றது. அன்றிலிருந்து நம் திரைக்காரர்களின் கையில் அந்தக் கணக்கு ஒரு பத்திரம்போல இருக்கிறது. அந்தக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் முப்பதாயிரத்துக்கும் குறைவானவர்கள். இந்நாட்டில் நாம் ஏறத்தாழ இருபது லட்சம். நூற்றுக்கு ஒன்றரைப் பேர். அந்த ஒன்றரைப் பேரைப் பற்றிப் படம் எடுக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதை 'நம் இளைஞர்களின் கதை' என்று விளம்பரத்தில் போடாதீர்கள் என்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வேலையைப் படமாக்கத் தெரியாது என்று தமிழ்ப் படமெடுப்பவர்களைச் சொல்லிவிட முடியாது. தெரியும், நன்றாகவே தெரியும். செல்வராகவனின் 'புதுப்பேட்டை' (2006) பாருங்கள். கொக்கி குமார் கும்பலில் சேருவது முதல் மேலே வருவது வரை ஒரு கம்பெனியில் பியூனாகச் சேர்ந்து மேலாளர் ஆகிறவனின் கதைதான். யார் யாருக்குக் கட்டுப்பட்டவர், யாருக்கு எவ்வளவு பங்கு, புதிதாய் வந்தவன் எந்த எடுபிடி வேலை செய்ய வேண்டும், மேலே இருப்பவனை எப்படித் தள்ளுவது என்று ஒரு நிறுவனத்தின் உள்வேலை முழுவதும் அதில் இருக்கிறது. வெற்றிமாறனின் 'வட சென்னை' (2018) இன்னும் நுணுக்கமானது. சிறைக்குள்ளேயே ஒரு நிர்வாகம் நடக்கிறது. நம் ஊர்ப் படங்களும் அந்த வழியில் கும்பலுக்குள் முதலாளி, மேற்பார்வையாளர், கூலி, தண்டனை என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டுகின்றன. மண்டோர் இருக்கிறார், கிராணி இருக்கிறார், சம்பள நாள் இருக்கிறது. ஒரு வேலையிடத்தின் எல்லா உறுப்புகளையும் கவனித்துப் பார்க்கத் தெரிந்த கண், கும்பல் என்ற ஒரே வேலையிடத்தில் மட்டும்தான் திறக்கிறது. அதனால் திரையில் நம் பையனுக்கு ஒரே முதலாளி, அண்ணன்.

தமிழ்நாட்டுப் படங்களில் வேலை எட்டிப்பார்க்கும் இடங்களையும் பார்க்கலாம். '7ஜி ரெயின்போ காலனி'யில் (2004) உருப்படாத கதிருக்கு மோட்டார்சைக்கிளைப் பிரித்துப் பூட்டத் தெரிந்ததால் வேலை கிடைக்கிறது. பகலெல்லாம் திட்டித் தீர்த்த தகப்பன் இரவில் மனைவியிடம் உடைந்து பேசும் காட்சியில் தியேட்டரே அழுதது. ஒரு நியமனக் கடிதத்துக்கு இவ்வளவு கண்ணீரா என்று அப்போது வியந்தேன். ஆனால் அந்தக் கடிதத்துக்குப் பின் அந்த வேலையைப் பற்றிப் படத்துக்கு அக்கறை இல்லை. காதலும் சாவும் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டன. 'வேலையில்லா பட்டதாரி' (2014) பெயரிலேயே வேலையைச் சுமந்த படம். பாதிவரை நம்மோடு இருக்கும் ரகுவரன் வேலை கிடைத்தவுடன் வில்லனைத் தேடிப் போய்விடுகிறான். கட்டடம் சண்டைக்கான களமாகிறது, சித்தாளும் கொத்தனாரும் பின்னால் நிற்கும் கூட்டமாகிறார்கள். நம் பிள்ளைகள் கொண்டாடிய 'டிராகன்' (2025) கொஞ்சம் வித்தியாசமானது: 48 அரியர், போலிச் சான்றிதழ், அதை வைத்துக் கிடைத்த ஐ.டி. வேலை. ஒரு காகிதம் ஒருவனின் வாழ்க்கையை எப்படித் திறக்கும், எப்படி மூடும் என்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அங்கே எல்லாமே அவன் செய்த தவறு, அவன் திருந்தினால் சரியாகிவிடும். எஸ்.பி.எம்மில் நல்ல தேர்ச்சி பெற்றும் மெட்ரிகுலேஷன் இடத்துக்காக ஆண்டுதோறும் காத்துக் கிடக்கும் நம் பிள்ளைக்கு, அல்லது இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு கவுண்டருக்குக் கவுண்டர் அலையும் பிள்ளைக்கு, திருந்துவதற்கு என்ன இருக்கிறது? அவனும் 'நான் யார்' என்றுதான் கேட்கிறான். அவன் கேட்பது ஒரு குமாஸ்தாவிடம்.

இந்திப் படங்களின் பக்கம் போகவே எனக்குத் தயக்கம். 'தில் சாஹ்தா ஹை' (2001) முதல் 'தமாஷா' (2015) வரை தன்னைத் தேடிப் புறப்பட்ட அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னால் தகப்பனின் கம்பெனியோ நல்ல சம்பளமோ மெத்தைபோல விரிந்து கிடக்கிறது. விழுந்தாலும் வலிக்காது. அவர்களுக்கு வேலை என்பது ஆத்மாவைப் பூட்டிவைத்த சிறை. ராஜினாமா செய்தால் விடுதலை. இந்தத் தத்துவத்தை நம் குறும்படப் பையன்கள் அப்படியே வாங்கி மலாக்கா ஆற்றங்கரையில் வைத்துப் படமெடுக்கும்போது எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரிவதில்லை. மோட்டார்சைக்கிள் தவணை கட்டுகிறவன் எதை ராஜினாமா செய்வான்? குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் 900 வெள்ளியாகத் தொடங்கி 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளிக்கு வந்தது. ஓ.டி. இல்லாமல் அந்தத் தொகையில் வாடகை, தவணை, அம்மாவுக்குக் கொடுக்கும் பணம் என்று பிரித்துப் பார்த்துவிட்டு யாராவது ஒரு காட்சி எழுதட்டும். அதில் இருக்கும் பதற்றம் பத்துப் பாராங்கில் கிடையாது.

வேலையை விட்டதால் இன்னொரு பெரிய இழப்பும் நேர்ந்தது: பெண்பிள்ளைகள் காணாமல் போனார்கள். நம் குடும்பங்களில் தோட்டத்தை விட்டு முதலில் வெளியே காலடி வைத்தது பெரும்பாலும் அக்காமார்கள்தான். பத்து பெரண்டாமில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தபோது அவற்றுக்குத் தேவைப்பட்டவர்கள் விரல் நுணுக்கமான இளம்பெண்கள். பதினெட்டு பத்தொன்பது வயதில் லயத்தை விட்டு, மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து, வாடகை வீட்டில் நான்கைந்து பேராகச் சேர்ந்து சமைத்து, மலாய்த் தோழியோடு சினிமாவுக்குப் போய், சம்பளத்தில் தம்பிக்குப் பள்ளிக் காலணி வாங்கி, தன் கல்யாணத்தைத் தானே தள்ளிப்போட்டு, சில சமயம் தானே முடிவும் செய்த அந்தத் தலைமுறையை நினைத்துப் பாருங்கள். அடையாளம், அர்த்தம், தேடல் என்று பெரிய வார்த்தைகளை யாருக்காவது கொடுக்க வேண்டுமென்றால் அவர்களுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும். திரையில் அவர்கள் என்ன ஆனார்கள்? வாசற்படியில் நின்று "வேண்டாம்ணே" என்று அழும் தங்கச்சி. இரண்டாம் பாதியில் மாலை போட்ட படம் ஆகும் அம்மா. பையன் ஊர் சுற்றும் மூன்று மணி நேரமும் அந்த வீட்டில் சோறு எப்படி வெந்தது என்று எந்தப் படமும் கேட்பதில்லை. அக்காவின் நைட் ஷிப்டில்தான் வெந்தது.

இங்கே முடியாதா என்றால், முடிந்திருக்கிறது. தீபக் குமரன் மேனன் 2005-இல் எடுத்த 'செம்மண் சாலை'யில் அறுபதுகளின் தோட்டத்தில் பல்கலைக்கழகம் போக ஆசைப்படும் ஒரு பெண்ணின் கதை இருந்தது. 2007-இல் அவரே எடுத்த 'சலங்கை'யில் பிரிக்ஃபீல்ட்ஸில் பூ விற்கும் தாய், நடனம் கற்க ஆசைப்படும் மகள், கார் கழுவும் அண்ணன். யாரும் யாரையும் வெட்டவில்லை. பார்த்தவர்களும் அதிகமில்லை. அந்தப் பாதையில் புல் முளைத்துவிட்டது. அதற்குப் பின் வந்தவர்கள் வேறு பாதையில் லாரி ஓட்டினார்கள். 'ஜகாட்'டைக்கூட இந்த இடத்தில் நான் முழுவதும் விட்டுவிடத் தயாரில்லை. தோட்டத் துண்டாடலின் வரலாற்றை அறிந்த படம் அது; ஆனால் அப்போயின் முன்னால் விரியும் வழிகளில் கேமராவுக்குப் பிடித்தது எது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சிற்றப்பன் துரையின் நடையில் ஒரு கவர்ச்சி இருக்கிறது, தகப்பன் மணியத்தின் நடையில் இல்லை. இது அநியாயமான வாசிப்பு என்று நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். இருக்கலாம். ஆனால் படம் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் யாருடைய வசனத்தைப் பேசிக் காட்டினார்கள் என்று நான் கேட்டேன். அவரிடம் பதில் இல்லை.

வேலையைக் காட்டினால் படம் சலித்துவிடும், ஒரே அசைவை எத்தனை முறை காட்டுவது என்று தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். தொழிற்சாலைக்குள் கேமராவை விடமாட்டார்கள் என்பார்கள். இரண்டாவது உண்மை, அதற்காக அனுதாபப்படுகிறேன். முதலாவதற்கு வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010) ஒன்றே பதில். ரங்கநாதன் தெருத் துணிக்கடையில் நாள் முழுவதும் நிற்கும் ஜோதிலிங்கமும் கனியும், அவர்களை அடிக்கும் சூப்பர்வைசரும், கூட்டம் கூட்டமாகப் படுக்கும் கூடமும். நின்று நின்று கால் நரம்பு புடைத்தவர்களை அந்தப் படத்துக்குப் பின்தான் தமிழ்நாட்டில் பலர் ஏறிட்டுப் பார்த்தார்கள். அதில் காதல் இருந்தது, பாட்டு இருந்தது, மக்கள் கூட்டமாகப் பார்த்தார்கள். ஒரு கடைக்குள் அவ்வளவு நாடகம் இருந்தால் ஒரு செமிகண்டக்டர் கிளீன் ரூமுக்குள் எவ்வளவு இருக்கும். வெள்ளை முழுச்சட்டை, முகமூடி, கண்கள் மட்டும். யார் தமிழர், யார் மலாய்க்காரர், யார் நேப்பாளி என்றே தெரியாது. அடையாளத்தைப் பற்றிப் படமெடுக்கிறேன் என்று அலைகிறவனுக்கு இதைவிடப் பெரிய காட்சியை யார் கொடுப்பார்கள்?

இப்போது பையன்களில் பலர் தொழிற்சாலையையும் விட்டுவிட்டு உணவு கொண்டுபோகும் மோட்டார்சைக்கிளில் ஏறிவிட்டார்கள். முதலாளியின் முகம் கிடையாது, திரையில் ஒரு ஒலி மட்டும். நம் நாடாளுமன்றம் 2025-இல் அவர்களுக்கென்று கிக் தொழிலாளர் சட்டமே நிறைவேற்றியது. அலைபாயும் இளைஞன் என்று சொன்னால் சொல்லுக்குச் சொல் அவன்தான். நாளெல்லாம் அலைகிறான், எங்கே போக வேண்டும் என்று போன் சொல்கிறது. நம் படங்களில் இன்னமும் மோட்டார்சைக்கிள் என்றால் ரேஸ்.

'கபாலி'யைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது, ஏனென்றால் அதன்மேல்தான் எனக்கு மிகுந்த கோபம். பா. இரஞ்சித் எதையும் தெரியாமல் எடுத்தவர் அல்ல. சிறையில் கபாலியின் கையில் 'மை ஃபாதர் பாலையா' புத்தகத்தைக் கொடுத்தவர், கோட்டு சூட்டை ஒரு வாதமாக மாற்றியவர். நம் கதையின் வேரும் அவருக்குத் தெரிந்திருந்தது: அந்தப் படத்தில் கபாலி தொடங்கும் இடம் தோட்டத் தொழிலாளர்களின் கூலிப் போராட்டம். சமமான கூலி கேட்கும் இளைஞன். தமிழ்நேசன் என்ற தலைவர். சில நிமிடங்கள்தான். அதற்குள் அந்த இயக்கம் ஒரு கும்பலாகிவிடுகிறது, கூலிக் கேள்வி எங்கோ நழுவிவிடுகிறது, மீதி நேரமெல்லாம் துப்பாக்கி. 1967-இல் எங்கள் மலாக்கா மாநிலத்துப் புக்கிட் அசகான் தோட்டத்துத் தொழிலாளர்கள் தங்கள் கோரிக்கைகளோடு கோலாலம்பூரை நோக்கி நடந்தே போனார்கள். வெயிலில், குடும்பம் குடும்பமாக. அவர்களில் எத்தனை பேர் இருபது வயதுக்காரர்களாக இருந்திருப்பார்கள்! அலைபாய்தல் ஒரு கோரிக்கையாகத் திரண்ட தருணம் அது. அந்த நடையை ரஜினிகாந்தை வைத்து எடுக்கக் கிடைத்த ஒரே வாய்ப்பு 2016-இல் வந்து, சில நிமிட முன்கதையாகக் கழிந்தது. தொழிற்சங்கத்தின் வரலாற்றை எடுத்துக் கும்பலின் வரலாறாக எழுதிக்கொடுத்துவிட்டார்கள். நாமோ விமானத்தில் படத்தின் விளம்பரம் வரைந்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்துகொண்டிருந்தோம்.

படத்தில் கபாலி நடத்தும் பள்ளியில் வழிதவறிய இளைஞர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். நல்ல காட்சி. அந்தப் பள்ளியில் என்ன தொழில் கற்றுக்கொடுக்கிறார்கள், வெளியே வந்தால் யார் வேலை கொடுப்பார்கள் என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கடைசியில் அங்கே படிக்கும் டைகர் என்ற பையனே போலீசின் ஏவலில் கபாலியை நோக்கி வருகிறான். இந்தியப் பிரதியில் துப்பாக்கிச் சத்தத்தோடு திரை இருள்கிறது. மலேசியாவில் ஓடிய பிரதியில், கபாலி போலீசில் சரணடைந்தார் என்று எழுத்தில் போட்டார்கள். எந்த முடிவு சரி என்று அப்போது காப்பிக்கடைகளில் வாரக்கணக்கில் தகராறு நடந்தது. தணிக்கைக்காரர்களைத் திட்டினோம், இரஞ்சித்தின் துணிவைப் புகழ்ந்தோம். சுட வந்த அந்தப் பையனுக்கு அதுவரை வயிற்றுப்பாட்டுக்கு என்ன வழி இருந்தது என்று இரண்டு பிரதியிலும் ஒரு வரி இல்லை. அன்று தகராறு செய்த எங்களில் ஒருவரும் அதைக் கேட்கவும் இல்லை.